எண்ணும் அலையும்

மின்னணுப் பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு இடையாண்டுகளில் ஒரு பாடம் வரும். டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் என்று பாடத்திட்டத்திலே பெயர் பொறித்திருக்கும். தமிழிலே சொல்வதானால் எண்முறைக் குறிகைச் செயலாக்கம். குறிகை என்பது என்ன? காலத்தோடு மாறுகின்ற எந்த அளவும் குறிகையே. மனிதனின் பேச்சொலி ஒரு குறிகை. இதயத்தின் துடிப்பு ஒரு குறிகை. காற்றின் வேகம் ஒரு குறிகை. கடலின் மட்டமும் ஒரு குறிகையே. அந்த அளவை எண்களாக்கி, அவ்வெண்களைப் பெருக்கியும் கூட்டியும், வேண்டியதை எடுத்து வேண்டாததை விலக்கும் கலைதான் இப்பாடம். இன்று நம் கையிலிருக்கும் செல்பேசியும், மருத்துவமனையிலிருக்கும் இதயப் பதிவுக் கருவியும் இக்கலையின்றி இயங்கா.

இத்துணைச் சிறப்புடைய பாடத்தின் தொடக்கம் எங்கே அமைய வேண்டும் என்பது பற்றி என் கருத்தை மன்ற ஏட்டின் வாயிலாக நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன். என் கருத்து இதுதான்: இந்தப் பாடம் கரும்பலகையில் தொடங்கக் கூடாது, கடற்கரையில் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்குவதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைக் காட்டிலும் தகுந்த இடம் நம் நாட்டில் வேறில்லை.

பொறியியல் பயிலாத நண்பர்கள், "இஃது ஏதோ மின்னணு மாணவர்களின் வீட்டு விவகாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதிலே கணக்கும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது, உயிர்களும் இருக்கின்றன.

பாடம் நடக்கும் முறை

நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இப்பாடம் எப்படித் தொடங்குகிறது? முதல் நாள், குறிகைகளின் வகைப்பாடு. இரண்டாம் நாள், அமைப்புகளின் இலக்கணம்: நேரியல்பு, காலமாறாமை, நிலைப்பு என்று பட்டியல். பிறகு கன்வல்யூஷன் என்னும் பெருக்கிக் கூட்டும் முறை. பிறகு இசட் உருமாற்றம். அதற்குப் பிறகு வடிகட்டிகள். இவற்றில் தவறென்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஓப்பன்ஹைமும் ஷேஃபரும் 1975-இல் எழுதிய நூல் முதல் இன்றுள்ள நூல்கள் வரை அனைத்தும் இவ்வுண்மைகளைத்தான் கூறுகின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மாணவன் எண்களின் வரிசை ஒன்றைப் பெறுகிறான்: 1, 2, 3, 1. இன்னொரு வரிசையைப் பெறுகிறான்: 1, 2, 1, −1. இரண்டையும் கன்வல்யூஷன் செய்க என்று வினா. செய்கிறான், விடையும் சரி, மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் அந்த 1, 2, 3, 1 எதை அளந்த எண்கள்? எந்தப் பொருளின் உயரம்? எந்த நாளின் வெப்பம்? யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. இலக்கணத்தை மட்டும் கற்பித்து இலக்கியத்தைக் காட்டாத ஆசிரியரிடம் தமிழ் படித்தவனுக்குத் தமிழின் சுவை எங்ஙனம் தெரியும்? அதே நிலைதான் இங்கும். பருவத் தேர்வு முடிந்த மறுவாரமே பாடமும் பறந்துவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

அந்தமானில் டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் பொறியியல் கற்பிக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் கடலாய்வுக்கென்றே அங்கு ஒரு துறையை நடத்துகிறது. போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அறிந்த, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற அந்நகரைச் சுற்றி எத்திசையில் நடந்தாலும் கடல்தான். அங்குள்ள வகுப்புகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே வாசலில் கிடக்கிறது. அதைத் தொடக்கப் பாடமாக்குங்கள் என்று சொல்வதே என் நோக்கம்.

கடல் கற்பிக்கும் முதற் பாடம்

போர்ட் பிளேர்த் துறைமுகத்தில் கடல்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர் வேறுபாடு இருக்கும். இந்த ஓதத்தின் தலையாய கூறு நிலவினால் எழுவது, அது 12.42 மணிக்கு ஒருமுறை வந்து போவது. ஆகவே இன்று காலை 6 மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், நாளைய உச்சம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து வரும். இது கடலோடிகள் அனைவரும் அறிந்த செய்தி.

இப்போது ஒருவர் ஜங்கிளிகாட் துறையில் நாள்தோறும் காலை 6 மணிக்கு மட்டும் வந்து நீர்மட்டத்தைக் குறித்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏட்டில் என்ன தெரியும்? நீர் சிறிது சிறிதாக இறங்கும். பிறகு சிறிது சிறிதாக ஏறும். ஒரு சுற்று முடிய 14.77 நாள் ஆகும். அந்த ஏட்டை மட்டும் பார்த்த ஒருவர், "நிலவின் கவர்ச்சியால் இக்கடல் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் ஏறி இறங்குகிறது" என்று அடித்துச் சொல்வார். ஏட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் உண்மை. ஆனால் முடிவு முழுப் பொய்! விரைந்து ஓடும் அலை ஒன்று மெல்ல நடக்கும் அலையின் வேடம் பூண்டு ஏட்டுக்குள் நுழைந்துவிட்டது. இந்த ஆள்மாறாட்டத்தைத்தான் நூல்கள் அலியாசிங் என்று அழைக்கின்றன.

இந்த ஏமாற்றத்திலிருந்து தப்புவது எப்படி? ஓர் அலை ஒருமுறை வந்து போவதற்குள் இரண்டு முறைக்கு மேல் அளக்க வேண்டும். 12.42 மணி அலைக்கு 6.21 மணிக்குக் குறைந்த இடைவெளியில் அளவெடுக்க வேண்டும். நைக்விஸ்ட் 1928-இலும் ஷானன் 1949-இலும் எழுதியவற்றால் நிலைபெற்ற மாதிரியெடுப்புத் தேற்றத்தின் சாரம் இவ்வளவே. இதைக் கரும்பலகையில் வரைந்த சைன் வளைவைக் கொண்டு விளக்கினால் மாணவன் தலையாட்டுவான். படித்துறையில் நட்ட அளவுகோலைக் கொண்டு விளக்கினால், வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டான்.

பதினைந்து நாள் பொறுமை

அடுத்த பாடத்துக்கு வருவோம். கடல் நிலவுக்கு மட்டுமா அடிபணிகிறது? ஞாயிறும் இழுக்கிறது. ஞாயிற்றின் ஓதம் சரியாக 12 மணிக்கு ஒருமுறை. நிலவின் ஓதம் 12.42 மணிக்கு ஒருமுறை. இரண்டும் கலந்துதான் நம் அளவுகோலைத் தொடுகின்றன. கலந்த பாலையும் நீரையும் அன்னம் பிரிக்கும் என்பார்கள். கலந்த இவ்விரண்டு அலைகளைப் பிரிப்பது யார்?

ஃபூரியர் பகுப்பு என்னும் கணக்கு பிரிக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே ஒரு நாளின் அளவுகளைக் கொடுத்தால் அதனால் பிரிக்க இயலாது. அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஏறக்குறைய 15 நாள் அளவுகளைக் கொடுத்தால்தான் இரண்டும் தனித்தனியே தெளியும். ஏன் 15? இரண்டு ஓட்டக்காரர்கள் ஒரே வட்டத்தில் சிறு வேக வேறுபாட்டோடு ஓடுகிறார்கள் எனக் கொள்வோம். ஒருவர் மற்றவரை ஒரு முழுச் சுற்று முந்தும் வரை காத்திருந்தால்தான் இருவர் வேகமும் வேறு என்று ஐயமறச் சொல்லலாம். நிலவலையும் கதிரலையும் அவ்வாறு ஒரு முழுச் சுற்று விலக 14.77 நாள் ஆகிறது. நெருங்கிய இரண்டு அதிர்வெண்களைப் பிரிக்க வேண்டுமானால் நெடுநேரம் கவனித்தாக வேண்டும் என்னும் உண்மை, இப்பாடத்தின் உயிர்நாடிகளில் ஒன்று. விரைந்து அளப்பது வேறு. நீடித்து அளப்பது வேறு. முதலாவது ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும். இரண்டாவது கலப்படத்தைப் பிரிக்கும்.

மணிக்கு ஒருமுறையாக 15 நாள் அளந்தால் 360 எண்கள் கிடைக்கும். அவற்றை நேரடியாகப் பகுக்க 360-ஐ 360-ஆல் பெருக்கிய அளவு, அதாவது 1,29,600 பெருக்கல்கள் வேண்டும். கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவு முறை இவ்வுழைப்பை மிகப் பெரிய அளவில் குறைத்துவிட்டது. இப்பாடமே ஒரு தனித் துறையாகத் தழைத்ததற்கு அக்கட்டுரை ஒரு பெருங்காரணம்.

ஆனால் நண்பர்களே, கணினி பிறக்கு முன்பே இந்தக் கணக்கு நம் துறைமுகங்களுக்காகப் போடப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்? கெல்வின் பிரபு 1870-களில் ஓதங்களை முன்கூறும் பொறியை அமைத்தார். 1879-இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே அத்தகைய பொறி ஒன்று இலண்டனில் செய்யப்பட்டது. பல சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரமும் ஓர் அலை, எல்லாவற்றின் அசைவையும் ஒரே கயிறு கூட்டிக் காட்டும். நாம் இன்று கணினியில் செய்யும் கூட்டலைப் பித்தளையால் செய்தார்கள்.

அதே காலத்தில் போர்ட் பிளேரிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடல்மட்டத்தைக் காகிதச் சுருளில் வரையும் கருவிகள் இயங்கின. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாருக்கு அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த சிறு ஆழிப்பேரலை அச்சுருள்களில் கோடாக விழுந்தது. ஆர்ட்டிஸ், பில்ஹாம் என்னும் இரு ஆய்வாளர்கள் அப்பழைய கோடுகளைக் கணினியின் துணையோடு ஆராய்ந்து, அந்த நடுக்கத்தின் அளவு 7.9 என்றும், கடலடியில் எந்தப் பகுதி பெயர்ந்தது என்றும் கணித்து 2003-இல் வெளியிட்டார்கள். 122 ஆண்டுகளுக்கு முன் ஒரு காகிதத்தில் விழுந்த கோடு பேசியது! நிக்கோபார்க் கடலடி அலையெழுப்ப வல்லது என்று அது சொன்னது. அடுத்த ஆண்டே அச்சொல் மெய்யாயிற்று.

நான்கு எண்கள்

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் மேற்கே கடலடி பிளந்தது. பிளவு வடக்கு நோக்கி ஓடி அந்தமான் வரை, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீண்டது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. நிக்கோபார்த் தீவுகளை அலை நிமிடக் கணக்கில் எட்டியது. சென்னைக் கரையை எட்டியபோது மணி 9-ஐக் கடந்திருந்தது. இடையே இருந்தது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆழ்கடலில் அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவு; செய்தியின் வேகமோ ஒளியின் வேகம். எனினும் அந்த இரண்டரை மணி நேரம் வீணாயிற்று. தமிழகக் கரையில் மட்டும் ஏறக்குறைய 8,000 உயிர்கள் மாய்ந்தன. தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். ஏன்? அன்று இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டத்தை உடனுக்குடன் கவனித்து எச்சரிக்கும் அமைப்பு இல்லை. அலை இருந்தது, அதை எண்ணாக்கிப் படிக்கும் ஏற்பாடு இல்லை.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலில் மிதவைகளை நிறுவிப் பேணும் பணியை மேற்கொண்டது. கடலடியில் ஓர் அழுத்தமானி. மேலே ஒரு மிதவை. கீழிருப்பது ஒலியால் மேலே சொல்ல, மேலிருப்பது செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும்.

அழுத்தமானி எப்போது கூவ வேண்டும் என்பதை எங்ஙனம் முடிவு செய்கிறது? இங்கேதான் நம் தொடக்கப் பாடம் முழு உருவில் நிற்கிறது. அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பான நோவாவில் ஹெரால்ட் மோஃப்ஜெல்ட் வகுத்த முறையைக் காண்போம். கருவி 15 நொடிக்கு ஒருமுறை நீரின் உயரத்தை அளக்கிறது. 10 நிமிடத்துக்கு 40 அளவுகள். அவற்றின் சராசரியை எடுக்கிறது. இப்போதைய சராசரி, ஒரு மணி முந்தியது, இரண்டு மணி முந்தியது, மூன்று மணி முந்தியது என நான்கு சராசரிகளை வைத்துக்கொள்கிறது. அவற்றை முறையே 1.168, −0.282, 0.147, −0.033 என்னும் நான்கு எண்களால் பெருக்கிக் கூட்டுகிறது. வரும் விடைதான், "ஓதம் மட்டும் இருந்தால் இந்தக் கணத்தில் நீர் இவ்வளவு இருக்க வேண்டும்" என்னும் கணிப்பு. அளந்ததும் கணித்ததும் 3 செண்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் கருவி விழித்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி மட்டத்துக்கு மேலே நீர் இப்போது 40 செண்டிமீட்டர். ஒரு மணிக்கு முன் 30. அதற்கு முன் 18. அதற்கும் முன் 5. பெருக்கிக் கூட்டினால் 46.72 − 8.46 + 2.65 − 0.17, விடை 40.74. அளவுகோல் 40.8 என்றால் கவலையில்லை, அது ஓதம். 45 என்றால் வேறுபாடு 4 செண்டிமீட்டருக்கு மேல், அது ஓதமன்று! 2004-ஆம் ஆண்டின் அலையை, எழுந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் நடுக்கடலில் ஜேசன் என்னும் செயற்கைக்கோள் கண்டபோது அதன் உயரம் ஏறக்குறைய 60 செண்டிமீட்டர்தான். கப்பலில் இருப்பவன் உணரவே மாட்டான். நான்கு எண்களோ உணர்ந்துவிடும்.

இந்த நான்கு எண்களுக்குள் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன, பாருங்கள். 15 நொடி என்பது மாதிரியெடுப்பு. 40-இன் சராசரி என்பது வேகமான சிற்றசைவுகளை விலக்கும் வடிகட்டி. பெருக்கிக் கூட்டுவது கன்வல்யூஷன். ஒரே ஓர் அளவு 1 ஆகவும் மற்றவை 0 ஆகவும் இருந்தால் வெளியே இந்த நான்கு எண்களே ஒவ்வொன்றாக வரும். அதுவே நூல் கூறும் இம்பல்ஸ் மறுமொழி. நான்கையும் கூட்டுங்கள்: சரியாக 1 வரும். ஏன் 1? கடல் அசையாமல் ஒரே மட்டத்தில் நின்றால், கணிப்பும் அதே மட்டத்தில் நிற்க வேண்டும் அல்லவா? "நேர்மின் பெருக்கம் ஒன்று" என மனப்பாடம் செய்த வரிக்கு இப்போது பொருள் வந்துவிட்டது. எண்களுக்கு முகம் வந்துவிட்டது.

3 செண்டிமீட்டர் என்னும் எல்லையும் ஒரு பாடமே. எல்லையைக் குறைத்தால் வெற்றுக் கூச்சல் மிகும். கூட்டினால் மெய்யான அலை தப்பிவிடும். நிலநடுக்கத்தின் அதிர்வே அழுத்தமானியைக் குலுக்கிப் பொய்யாகக் கூவவைப்பதும் உண்டு. எங்கே கோடு கிழிப்பது என்பதைக் கணிதம் மட்டும் சொல்லாது. உயிரின் மதிப்பை அறிந்த மனிதன் சொல்ல வேண்டும். இத்தகைய பொறுப்பைக் காட்டாத பொறியியல் கல்வி அரைகுறைக் கல்வியே.

மறுப்போர்க்கு மறுமொழி

"இப்படிக் கதை சொல்லிக் கொண்டிருந்தால் கணிதம் எப்போது நடத்துவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இசட் உருமாற்றம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. கேள்வி முதலில் வரட்டும், சூத்திரம் பின்னே வரட்டும் என்றுதான் கூறுகிறேன். 360 எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இரண்டு அலைகளை எப்படிப் பிரிப்பேன்?" என்று தவிக்கும் மாணவனுக்கு ஃபூரியர் பகுப்பு பசித்தவனுக்குக் கிடைத்த சோறு. பசியாதவனுக்கு அதுவே திணிப்பு.

"வேலைவாய்ப்பு பேச்சொலியிலும் செல்பேசியிலும் இருக்கிறது, கடலில் என்ன இருக்கிறது?" என்பார்கள் வேறு சிலர். எண்ணுக்கு ஊரில்லை. ஓதத்தைப் பிரிக்கக் கற்றவன் குரலையும் பிரிப்பான். இதயத் துடிப்பையும் பிரிப்பான்.

"2020 ஆகஸ்டு முதல் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி வந்துவிட்டது, ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர், பெருநிலத்துப் பேராசிரியர்களின் உரைகளைக் கேட்டுக்கொண்டால் போதாதா?" என்பது மூன்றாவது வாதம். கேட்கட்டும், மகிழ்ச்சியே. செயற்கைக்கோள் ஒன்றையே நம்பியிருந்த தீவுகளுக்கு அக்கம்பி பெரும்பேறு. ஆனால் உரை கம்பி வழியே வரும், அனுபவம் வருமா? கான்பூரில் இருப்பவனுக்குக் கடல் ஒரு படம். கார் நிக்கோபாரில் பிறந்தவனுக்கு அது வீட்டு முற்றம்.

நான்காவதாக, நானே எழுப்ப வேண்டிய வாதம் ஒன்றுண்டு. நிலநடுக்கம் காலடியிலேயே நிகழ்ந்தால் நிக்கோபார்க்காரனுக்கு எந்த மிதவையும் உதவாது. மிதவை கூவி, மையம் ஆராய்ந்து, செய்தி வருவதற்குள் அலை வந்துவிடும். அங்கே சிறந்த அழுத்தமானி அவன் கால்களே: நிலம் நெடுநேரம் ஆடினால் மேட்டை நோக்கி ஓடு என்பதே விதி. இந்த எல்லையையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். கருவி எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது என்பதையும் அறிந்தவனே பொறியாளன். ஆயினும் தொலைவிலுள்ள கரைகளுக்கு அந்த மிதவை தரும் நேரம் பொன்னினும் பெரிது. எச்சரிக்கையை விலக்கிக்கொள்ளவும் கடலின் அளவே துணை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடப்பட்டது; சென்னையிலும் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர்; பெரிய அலை எழாததால் பின்னர் அது விலக்கப்பட்டது. "பொய் எச்சரிக்கை" என்று அன்று முணுமுணுத்தோர் பலர். ஏன் எச்சரித்தார்கள், எதைக் கண்டு விலக்கினார்கள் என்று அவர்களுக்கு விளக்க ஊருக்கு ஒருவர் இருந்தாரா?

எந்த மொழியில் விளக்குவது?

அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும்? அவ்வூரில் பிறந்து இப்பாடத்தைப் படித்த மாணவனாகத்தான் இருக்க வேண்டும். அவன் விளக்க வேண்டிய மொழி, தாயிடமும் அண்டை வீட்டாரிடமும் பேசும் மொழியாகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் தமிழ் மன்றத்துக்கு வேலை வருகிறது.

ஆழ்கடல் மிதவைகளுக்குப் பெரும்பகை புயலன்று, அறியாமை. மிதவையில் படகைக் கட்டுவதும், பொருள்களைக் கழற்றுவதும், வலை சிக்கிக் கம்பி அறுவதும் நம் கடல்களில் நெடுநாளாக நடந்துவரும் இடர்கள். மீனவரிடையே இதுபற்றி விழிப்பூட்டும் முயற்சிகளும் நடந்துள்ளன. மிதவையைச் சேதப்படுத்தும் மீனவரைத் தூற்றி என்ன பயன்? தன் பிள்ளையின் உயிரைக் காக்கும் காவலாளி அது என்பதை அவருடைய மொழியில் யாரும் சொல்லவில்லையே! நான்கு எண்களின் கதையை நல்ல தமிழில் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். நிலவையும் நீரையும் நம்மைவிட நன்கு அறிந்தவர் அவரல்லவா?

தமிழில் சொல் இல்லை என்னும் பழைய பல்லவியை யாரும் பாட வேண்டாம். குறிகை இருக்கிறது; அதிர்வெண் இருக்கிறது; வடிகட்டி இருக்கிறது; ஓதம் இருக்கிறது. இல்லாத இடத்தில் கன்வல்யூஷன் என்றே சொல்லி, "பெருக்கிக் கூட்டுவது" என்று விளக்கினால் தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிக் காட்டியது. வழி அடைபட்டதன்று; நடப்போர் வேண்டும்.

அதே வேளையில், தீவுகள் தமிழருக்கு மட்டும் உரியவை அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வங்காளமும் இந்தியும் முதலிரு இடங்களில். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 15 விழுக்காடு. தெலுங்கரும் நிக்கோபாரியரும் பிறரும் உள்ளனர். ஆகவே தேர்வு எம்மொழியில் நடப்பினும், ஒவ்வொரு மாணவனும் ஒரு பக்க விளக்கத்தைத் தன் வீட்டு மொழியில் எழுதித் தர வேண்டும் என்று வைக்கலாம். ஒரே அலையின் கதை ஐந்து மொழிகளில் எழுதப்படும். வகுப்பறைக்கு அதைவிட அழகு வேறென்ன?

செய்ய வேண்டியவை

வெறும் குறை கூறிக் கலைவது நம் வழக்கமன்று. மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: தீவுக் கல்லூரியில் இப்பாடத்தின் முதல் 15 நாட்களில் ஒரு படித்துறையில் கடல்மட்டம் அளக்கப்பட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீயொலித் தொலைவுமானியும் ஒரு சிறு கணிப்பலகையும் போதும். அவையும் இல்லையேல் வண்ணம் தீட்டிய மூங்கிற்கழியும், முறைவைத்து நிற்கும் மாணவர்களும் போதும். பாடநூலின் 1, 2, 3, 1 இருந்த இடத்தில் அந்த 360 எண்களும் அமரட்டும்.

இரண்டு: பருவத் தேர்வில் ஒரு வினாவேனும், "இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, இவற்றிலிருந்து என்ன முடிவு செய்வாய், எதை முடிவு செய்யத் துணிய மாட்டாய்?" என்று கேட்க வேண்டும்.

மூன்று, நம் மன்றத்துக்கு: மாணவர்கள் எழுதும் விளக்கங்களுள் தமிழில் உள்ளவற்றைத் திரட்டிச் சிறு வெளியீடாக்கி, நாகப்பட்டினம் முதல் ஜங்கிளிகாட் வரையுள்ள மீன்பிடித் துறைகளில் வழங்க வேண்டும். ஆண்டுதோறும் முத்தமிழ் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நான்காம் தமிழாக அறிவியல் தமிழை மேடையேற்றினால் மற்ற மூன்றும் மனம் மகிழுமே அன்றி மாசுபடா.

1881-இல் கடல் ஒரு கோடு வரைந்து காட்டியது. அதைப் படித்துச் சொல்ல நமக்கு 122 ஆண்டுகள் ஆயின. 2004-இல் அது மீண்டும் எழுதியது. அன்றும் உடனே படிக்க ஆளில்லை. இன்று கருவி இருக்கிறது; கணக்கு இருக்கிறது; கம்பியும் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களை ஆக்கித் தருவது கல்லூரியின் கடன். படித்ததைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்வது நம் கடன்.